4. தொழில்நுட்பச் செய்தியில் தொழில் தேடுவது

காலையில் கைப்பேசியைத் திறந்தால் ஒரு செய்தி இருக்கும்: இரண்டு இளைஞர்கள் தொடங்கிய செயலிக்குக் கோடிக்கணக்கில் முதலீடு. மதியத்துக்குள் அதையே நாலு பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். சாயங்காலம் ஒருவர் கேட்பார், "இதையே நம்ம மயிலாப்பூர்ல பண்ணா என்ன?" அப்படிக் கேட்கிறவருக்கான அத்தியாயம் இது. நீங்கள் மந்தைவெளியில் இருக்கலாம், தி.நகரில் கடை வைத்திருக்கலாம், அடையாறிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு தினமும் வேலைக்குப் போய் வரலாம். வழி எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணம் எங்கே போனது என்பதைத்தான் செய்தி சொல்லும். தொழில் இருப்பது வேறு இடத்தில்: ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டும் அதே நேரத்தில் குறைபட்டுக்கொண்டும் இருக்கிற ஒருவரிடம். செய்தியிலிருந்து அந்த ஆளைத் தேடிப் போகக் கற்றுக்கொண்டால் போதும்.

சென்னையில் நடந்த மூன்று கதைகள்

கிரீஷ் மாத்ருபூதம் மென்பொருள் நிறுவனமான ஸோஹோவில் துணைத் தலைவர் பொறுப்பில் இருந்தவர். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்து சென்னைக்கு வீடு மாற்றியபோது அவருடைய டிவி உடைந்துவிட்டது. இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தும் பலனில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் விஷயத்தை எழுதினார். உடனே பணம் வந்தது. வாடிக்கையாளரின் புகார் பொதுவெளிக்கு வந்துவிட்டால் நிறுவனம் பதறும் என்பது அவர் மனதில் பதிந்தது. 2010-ல் இன்னொரு செய்தி கண்ணில் பட்டது. வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் விலையைக் கணிசமாக ஏற்றியதால் அதன் பயனாளர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். சரியான விலையில் ஒருவர் வந்தால் இங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதே வருடம் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார் கிரீஷ். 2017-ல் அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது. 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

அந்த வரியை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். கிரீஷுக்கு மட்டும் அது ஏன் தொழிலாக மாறியது? அந்த வகை மென்பொருளைச் செய்யவும் விற்கவும் அவருக்குப் பழக்கம் இருந்தது. காசு கொடுக்கிற ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள், கோபமாகவும் இருந்தார்கள். புதிதாக ஒரு தேவையை உண்டாக்கும் வேலை அவருக்கு இல்லை.

இரண்டாவது கதை முருகவேல் ஜானகிராமனுடையது. அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்தபோது, 1997-ல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். நாட்காட்டி போன்ற பல பகுதிகள் அதில் இருந்தன. ஓரமாக வரன் தேடும் பகுதியும் ஒன்று. கூட்டம் அந்த ஓரத்துக்கே வந்தது. மற்றதை ஒதுக்கிவிட்டு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டதிலிருந்து பாரத் மேட்ரிமோனி பிறந்தது. நிறுவனம் 2017-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. தலைமையகம் ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய எம்.ஆர்.சி. நகரில் இருக்கிறது. தரகருக்கும் பத்திரிகை விளம்பரத்துக்கும் ஏற்கெனவே செலவு செய்துகொண்டிருந்த பெற்றோர்தான் அதன் சந்தை.

மூன்றாவது, ஸோஹோ. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அது தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்றது. 2000-ஐ ஒட்டி இணைய நிறுவனங்களின் வீக்கம் வெடித்ததும் அந்த வாடிக்கையாளர்களில் பலர் காணாமல் போனார்கள். கையில் இருந்த திறமையை அலுவலகங்களின் கணினிப் பிரிவுகளுக்கான கருவிகள் பக்கம் திருப்பியது நிறுவனம். 2005-ல் ஸோஹோ என்ற பெயரில் இணைய மென்பொருள்கள் வந்தன. 2009-ல் நிறுவனத்தின் பெயரும் அதுவே ஆனது. கெட்ட செய்தி வரும் நாளில் யாருக்குப் பணம் மிச்சம் இருக்கிறது, அவர் எதற்கு இன்னமும் செலவு செய்கிறார் என்று பார்த்ததுதான் இதில் பாடம்.

செய்தி கையில் வந்ததும் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. காசு கொடுப்பவர் யார்? பயன்படுத்துபவரும் காசு கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. ஆட்டோ செயலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் பிடிப்பதுதான் பல வருடம் வழக்கமாக இருந்தது. 2022-ல் பெங்களூரில் வந்த நம்ம யாத்ரி கமிஷனே வாங்கவில்லை. பிறகு ஓட்டுநரிடம் ஒரு சிறு கட்டணம் மட்டும் வாங்கும் முறைக்குப் போனது. பெரிய செயலிகளும் ஆட்டோவுக்கு அந்தப் பாதைக்கே வந்தன. பயணிக்குத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஓட்டுநர் இப்போது வாடிக்கையாளர் ஆகிவிட்டார், அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் தொழில் நின்றுவிடும். ஒரு யோசனையைச் சொல்லும்போது "மக்கள்" என்ற சொல் வந்தால் நிறுத்திவிட்டு, பணப்பையைத் திறக்கும் ஆளின் பெயரையும் தெருவையும் சொல்லிப் பாருங்கள்.

2. இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள்? "இதற்குப் போட்டியே இல்லை" என்பது அநேகமாகத் தவறான பதில். மாதச் சந்தா என்பது இணையம் கண்டுபிடித்த விஷயம் என்று நினைக்கிறவர் ஆவின் பால் அட்டையை மறந்துவிட்டார். முன்பணம் கட்டினால் விலை குறைவு, விடியற்காலையில் பாக்கெட் தயார், மாதம் முடிவதற்குள் அட்டையைப் புதுப்பித்துவிட வேண்டும். மாட வீதிகளைச் சுற்றியுள்ள வீடுகளில் வாடிக்கைப் பூவும் அப்படித்தான். காலையில் வாசல் கம்பியில் பை தொங்கும், மாதக் கடைசியில் கணக்கு. சந்தா வசூலை ஒழுங்குபடுத்தும் மென்பொருளை உலகத்துக்கு விற்கும் சார்ஜ்பீ 2011-ல் இதே ஊரில் தொடங்கியதுதான். உங்கள் செயலி முதலில் தோற்கடிக்க வேண்டியது வாசல் கம்பியில் தொங்கும் அந்தப் பையை.

3. ஏன் இப்போது? ஐந்து வருடத்துக்கு முன்பே இதைச் செய்திருக்க முடியும் என்றால், ஏன் யாரும் செய்யவில்லை? விலை, விதி, கருவி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதே வருடம் யுபிஐ வந்தது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ பணப்பரிமாற்றத்துக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றானது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. இவ்வளவு பெரிய ஆற்றில் ஒரு சொம்பு மொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த விதி கதவைச் சாத்தியது. காசு வந்தது பக்கத்து இடத்தில்: காய்கறிக் கடையில் "நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லும் பெட்டியின் மாத வாடகையிலும், கடைக்காரருக்குக் கொடுக்கும் கடனிலும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு மென்பொருள் எழுதும் செலவும் இறங்கி வருகிறது. அது உங்களுக்கு நல்ல செய்தி, உங்கள் போட்டியாளருக்கும் நல்ல செய்தி. "என்னால் செயலி செய்ய முடியும்" என்பது இனி ஒரு தகுதியே இல்லை.

4. ஓர் ஆர்டரில் என்ன மிஞ்சும்? கற்பனையாக ஒரு கணக்கு போடுவோம். மயிலாப்பூரில் பத்து நிமிடத்தில் பூ, வெற்றிலை, பூஜைச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை. சராசரி ஆர்டர் 200 ரூபாய். கடைக்காரர் தரும் கமிஷன் 15 சதவீதம், 30 ரூபாய். வாடிக்கையாளர் தரும் டெலிவரிக் கட்டணம் 15. வரவு 45. வண்டிக்காரருக்கு 40, பைக்கு 2, வாடிய பூ, தவறிய ஆர்டர் வகையில் 8. செலவு 50. விளம்பரம், தள்ளுபடி, உங்கள் சம்பளம் எதையும் எழுதுவதற்கு முன்பே ஆர்டருக்கு 5 ரூபாய் நஷ்டம். ஆர்டர் கூடினால் நஷ்டமும் கூடும்.

அதே கணக்கில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நடையில் ஒரே அடுக்ககத்துக்கு இரண்டு ஆர்டர் போகட்டும். வண்டிச் செலவு ஆர்டருக்கு 20 ஆகிறது, 15 ரூபாய் மிஞ்சுகிறது. வாடிக்கைப் பூக்காரம்மாவின் தொழில் நிலைத்து நிற்பதற்கு இதுதான் காரணம். ஒரு தெருவில் ஒரே நடை, ஒரே நேரம், வாசலுக்கு வாசல் வாடிக்கை. ஆகவே மயிலாப்பூருக்கு "பத்து நிமிடம்" என்பதைவிட "நாளைக் காலை ஆறு மணி" நல்ல வாக்குறுதியாக இருக்கலாம். முதலீட்டுச் செய்தியில் இந்தக் கணக்கு வராது. பெங்களூரில் 2014-ல் வாட்ஸ்அப் வழியாகத் தொடங்கிய டெலிவரிச் சேவையான டன்ஸோவில் 2022 ஜனவரியில் ரிலையன்ஸ் ரீடெய்ல் 20 கோடி டாலர் போட்டது. 2025 தொடக்கத்தில் அந்தச் செயலி முடங்கியது. முதலீடு வந்தது என்பதற்கு லாபம் வந்தது என்று அர்த்தமில்லை.

தெருவில் விசாரிப்பது எப்படி

நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே "இது தேறாது" என்று சொல்ல மாட்டார்கள். அதனால் கேள்வி கேட்கும் விதம் முக்கியம். உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு ஜாக்கெட் தையல் கடை என்று வைத்துக்கொள்வோம். செயற்கை நுண்ணறிவு கேமராவில் உடல் அளவு எடுக்கிறது என்ற செய்தியைப் படித்த ஒருவர் அங்கே போகிறார்.

"அண்ணே, போன் முன்னாடி நின்னா அளவு எடுத்துடற ஆப் ஒண்ணு பண்றோம். உங்களுக்கு உதவியா இருக்குமா?"

"நல்ல விஷயம் தம்பி, பண்ணுங்க. எல்லாமே மாறிட்டு வருதுல்ல."

வந்தவர் சந்தோஷமாகத் திரும்பிவிடுவார். அவருக்குக் கிடைத்தது ஆசீர்வாதம், ஆர்டர் கிடைக்கவில்லை. இதையே நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்வியாக மாற்றிக் கேட்டால் வேறு கதை வரும்.

"போன வாரம் எத்தனை பேருக்கு டேப் வச்சு அளவு எடுத்தீங்கண்ணே?"

"டேப்பா? எல்லாரும் அளவு ஜாக்கெட் கொண்டாந்துடறாங்க தம்பி. புதுசா வர்றவங்களுக்குத்தான் டேப்பு."

"அப்போ பெரிய தொந்தரவு எது?"

"போன்தான். 'ரெடியா, ரெடியா'ன்னு. கல்யாண சீசன்ல நோட்டைப் புரட்டி பில் நம்பர் பார்த்து, துணி எந்தக் கட்டுல இருக்குன்னு தேடிப் பதில் சொல்றதுக்குள்ள மிஷின் நின்னுடுது."

"அதுக்கு ஏதாச்சும் பண்ணிப் பார்த்தீங்களா?"

"போன் எடுக்கவே ஒரு பையனை வச்சேன். மாசம் எட்டாயிரம். ரெண்டு மாசத்துல போயிட்டான்."

இந்தப் பேச்சில் மூன்று விஷயம் கிடைத்துவிட்டது. அளவெடுப்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை. அளவு ஜாக்கெட் அதை எப்போதோ தீர்த்துவிட்டது. உண்மையான தொந்தரவு "எப்போ ரெடி" என்ற கேள்வி. அதைத் தீர்க்க அவர் மாதம் எட்டாயிரம் ரூபாய் கொடுத்துப் பார்த்திருக்கிறார். உங்கள் விலைக்கு மேல்வரம்பு எது என்பது தானாகவே தெரிந்துவிட்டது.

விசாரிக்கும்போது நான்கு விதிகளைப் பின்பற்றுங்கள்.

- உங்கள் யோசனையைச் சொல்லாமலே பேச்சைத் தொடங்குங்கள்.
- "செய்வீர்களா?" என்று கேட்காமல் "போன தடவை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.
- தொகையைக் கேளுங்கள். காசு செலவழிக்காத தொந்தரவு பெரும்பாலும் வெறும் புலம்பல்.
- கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின வாரம் யாரையும் நிறுத்திப் பேச முடியாது. ஆனால் தொந்தரவு எங்கே என்று நின்று பார்க்க அதைவிட நல்ல வாரம் கிடையாது.

மென்பொருள் எழுதாமல் ஒரு மாதம்

தையல் கடை யோசனையையே தொடருவோம். செயலி வேண்டாம். தனி எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ், ஒரு நோட்டு, ஒரு கியூஆர் அட்டை போதும். நான்கைந்து கடைகளைப் பிடியுங்கள். தினமும் கடை மூடும் நேரத்தில் போய், தைத்து முடிந்த ஜாக்கெட்டுகளின் பில் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த வாடிக்கையாளர்களுக்கு நீங்களே செய்தி அனுப்புங்கள். தாமதமாகும் துணிக்கும் ஒரு செய்தி: "வெள்ளிக்கிழமை ரெடியாகும்." இவ்வளவுதான் உங்கள் முதல் பதிப்பு.

முதல் மாதமே காசு வாங்குங்கள், 300 ரூபாயாக இருந்தாலும். இலவசம் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 300 ரூபாய் எடுக்கும்போதுதான் குறைகளைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தக் குறைகள். மாதக் கடைசியில் இரண்டு நாள் செய்தி அனுப்பாமல் இருந்து பாருங்கள். "ஏன் தம்பி, மெசேஜ் போகலையா?" என்று கடைக்காரர் கூப்பிட்டால் உங்களிடம் ஒரு தொழில் இருக்கலாம். யாருமே கவனிக்கவில்லை என்றால் ஒரு நோட்டு விலையோடு தப்பித்தீர்கள்.

வன்பொருள் சம்பந்தப்பட்ட யோசனைக்கு இந்த ஒரு மாதக் கணக்கு பொருந்தாது. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த ஏதர் நிறுவனம் 2013-ல் தொடங்கி 2018-ல்தான் ஸ்கூட்டரை வாடிக்கையாளர் கையில் கொடுத்தது. அக்னிகுல் 2017-ல் தொடங்கியது. அதன் சோதனை ராக்கெட் 2024 மே 30 அன்று பறந்தது. இவற்றுக்கு ஆய்வகமும் பொறுமையான முதலீடும் வேண்டும். அந்தப் பாதையில் போகிறவர் தரமணியில் உள்ள ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவின் தொழில் வளர்ப்பு மையத்தை முதலில் அணுகுவது நல்லது.

யாரோடு விவாதிப்பது

ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஐந்து பேர் கூடிப் பேசினால் ஐந்து பேருக்கும் ஒரே யோசனைதான் வரும். குழுவில் நான்கு வகை ஆள் இருக்கட்டும்: கணக்கு எழுதத் தெரிந்தவர், கடையில் நின்று விற்றவர், மென்பொருள் தெரிந்தவர், எதற்கும் லேசில் சம்மதிக்காதவர். நாலாவது ஆளுக்கு மயிலாப்பூரில் பஞ்சமில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரிடம் திட்டத்தைச் சொல்லி, "இதுக்கு லோன் கொடுத்திருப்பீங்களா சார்?" என்று கேளுங்கள். ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் மிச்சம்.

வாரம் ஒரு முறை கூடினால் போதும். எல்லோரும் ஒரே செய்தியைப் படித்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொருவரும் அந்த வாரம் தெருவில் விசாரித்த ஒரு விலையையும் கொண்டுவர வேண்டும். விலை கொண்டுவராதவருக்கு அன்று கருத்துச் சொல்ல உரிமை இல்லை. அமைதியாக உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

யோசனையைச் சொன்னால் யாராவது திருடிவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. ஃப்ரெஷ்டெஸ்க்குக்கான வாய்ப்பு எல்லோரும் படிக்கும் இடத்தில் பகிரங்கமாகத்தான் கிடந்தது. பாதுகாக்க வேண்டியது யோசனையை அல்ல. நீங்கள் விசாரித்துச் சேர்த்த விலைகளையும் வாடிக்கையாளர் பட்டியலையும்தான்.

காகித வேலை, சுருக்கமாக

- சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசின் இணையதளத்தில் இலவசம். அதே போலத் தோற்றமளித்துக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் உண்டு. முகவரியைப் பார்த்து நுழையுங்கள்.
- ஜிஎஸ்டி: பொதுவாக, சேவை என்றால் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சமும் பொருள் என்றால் 40 லட்சமும் தாண்டும்போது பதிவு கட்டாயம். பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பதாக இருந்தால் இந்த வரம்பு பொருந்தாது, ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.
- வணிகச் சின்னம்: சென்னைப் பதிவகம் கிண்டியில். இணையம் வழி விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பெயர்ப்பலகை அடிக்கும் முன்பே அந்தப் பெயர் காலியாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.
- வாடிக்கையாளர் விவரம்: தையல் கடை வாடிக்கையாளரின் தொலைபேசி எண் உங்களிடம் இருந்தால் அதற்கு நீங்கள் பொறுப்பு. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சம்மதம் கேட்டு எண் வாங்குவதும், கேட்டால் அழிப்பதும் இப்போதே பழக்கமாகட்டும்.
- மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு டான்சீட் திட்டத்தில் சிறு பங்குக்கு ஈடாகத் தொடக்க நிதி தருகிறது. விதிகளும் தேதியும் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடும். விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் உத்யம் பதிவையும் பெயர்த் தேடலையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடலாம். கம்பெனி பதிவு, அலுவலகம், விசிட்டிங் கார்டு எல்லாம் மூன்றாவது வாடிக்கையாளர் இரண்டாவது மாதமும் பணம் கட்டிய பிறகு.

இந்த வாரப் பயிற்சி

1. இந்த வாரம் படித்த ஒரு தொழில்நுட்பச் செய்தியை எடுத்து, அதில் காசு கொடுப்பவர் யார் என்று ஒரே வரியில் எழுதுங்கள்.
2. அதே வகைச் செலவைச் செய்யும் மூன்று பேரை உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் கண்டுபிடியுங்கள்.
3. போன தடவை எப்படிச் சமாளித்தார்கள், எவ்வளவு ஆனது என்று கேட்டுத் தொகையோடு எழுதிக்கொள்ளுங்கள்.
4. ஓர் ஆர்டரின் வரவு செலவை, மேலே பூஜைச் சாமானுக்குப் போட்டது போல ஒரு தாளில் போடுங்கள்.
5. மூன்று பேரில் ஒருவராவது இதற்கு ஏற்கெனவே காசு செலவழித்தவராக இல்லையென்றாலும், தாளில் மிச்சம் வரவில்லையென்றாலும், யோசனையைக் கைவிட்டு அடுத்த செய்திக்குப் போங்கள். இரண்டும் தேறினால் மட்டும் விலை நிர்ணயம் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள்.